நான் மூடிவிட்ட திருத்தம்

மகன், இது கல்யாண மண்டபத்தைப் பற்றியதோ உன் கோட் அளவைப் பற்றியதோ இல்லை. இரண்டு மாதமாக நாம் இருவரும் போனில் அவற்றைத்தான் கதைத்துக்கொண்டிருக்கிறோம். எத்தனை பேருக்குச் சாப்பாடு, கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூ வைப்பது யார், நிரோஷியின் மாமா வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது. எல்லாவற்றுக்கும் நீ "ஓம் அம்மா, சரி அம்மா" என்கிறாய். ஈஸ்டர் அன்று சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதைப் பற்றி மட்டும் நீயும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. இன்னும் மூன்று கிழமையில் உனக்குக் கல்யாணம். அதற்கடுத்த கிழமை நீங்கள் இருவரும் மஸ்கட்டுக்குப் போய்விடுவீர்கள். அந்தச் சொல்லைக் காதில் வைத்துக்கொண்டு நீ விமானம் ஏறக்கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் அம்மாவை உனக்குத் தெரியும், நேரில் வந்தால் பாதியில் ஏதாவது குத்தலாகச் சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துவிடுவேன். எழுத்தில் என்றால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

என்ன சொன்னேன் என்பது மறந்துபோனது மாதிரி நடிக்கப் போவதில்லை. திரையைப் பார்ப்பதைக் குறைக்கச் சொல்லி கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் என் கணினி வேலையான தோணியை வேறு ஆட்களிடம் ஒப்படைக்கப் போகிறேன் என்று அன்று மேசையில் சொன்னேன். பொதி கட்டி வெளியிடுகிற வேலையையாவது நீ எடுத்துக்கொள் என்று உன்னைக் கேட்டேன். நீ "ஏலாது அம்மா, எனக்கு அது சரிவராது" என்றாய். உடனே நான் நிரோஷி பக்கம் திரும்பினேன். "பாத்தீங்களா பிள்ளை? இருவது வருஷத்துக்கு மேல எனக்குப் பக்கத்தில இருந்து வளந்தவன். தோணிக்காக ஒரு வரி எழுதித் தந்திருப்பானா எண்டு கேளுங்கோ" என்றேன். கல்யாணம் கட்டப்போகிற பிள்ளைக்கு முன்னால் சொன்னேன். நீ என்னை ஒருதரம் பார்த்தாய். பிறகு "விடுங்கோ அம்மா" என்று எழும்பி, எல்லோருடைய கோப்பைகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாய். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

நீ சம்மதித்தால் இந்தக் கடிதத்தைத் தோணியின் மின்னஞ்சல் குழுவிலும் போடுவேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அங்கே வாசிப்பவர்களில் புதியவர்களும் இருப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். தோணி என்பது நான் எழுதிய சின்னக் கணினி மொழி. அப்போது கோட்டையில் ஒரு கப்பல் முகவர் ஒபிஸில், கணினிப் பிரிவில் இருந்தேன். கப்பலோடு வருகிற சரக்குப் பட்டியலும் துறைமுகத்தில் இறக்கும்போது எழுதுகிற பட்டியலும் ஒருநாளும் ஒத்துப்போகாது. கிளார்க்மார் சிவப்புப் பேனையோடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகத் தேடுவார்கள். உன் அப்பாவும் துறைமுகத்தில் அதே பட்டியல் எழுதுகிறவர்தான். எங்கள் காதல் முழுக்க அந்தப் பிழைகளைப் பற்றிய சண்டையில் வந்தது. அந்தக் கிளார்க்மாரே தங்கள் தேவையைத் தாங்களே எழுதிக்கொள்ளக்கூடிய மாதிரி ஒரு மொழி இருந்தால் என்ன என்று வீட்டுக்கு வந்து, எங்கள் சொந்தக் கணினியில், உன்னை மடியில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். இதில் இருந்து அதில் இல்லாததைக் காட்டு என்று ஒரு வரி எழுதினால் காட்டும். பிழை விட்டால் எந்த இடத்தில் பிழை என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லும். முடிந்ததும், யாரும் எடுக்கலாம், திருத்தலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம் என்று மூலநிரலோடு வெளியே விட்டுவிட்டேன். புறக்கோட்டை மொத்தக் கடைகளில் சரக்கைச் சரிபார்க்க எடுத்தார்கள். பள்ளிக்கூடங்களில் புள்ளிப் பட்டியலுக்கு எடுத்தார்கள். ஒரு பங்குத்தந்தை ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரே பிள்ளையை இரண்டு தரம் எழுதியிருக்கிறார்களா என்று தேட எடுத்தார். எனக்கு அதில்தான் எல்லாவற்றையும்விடச் சந்தோஷம்.

அப்போதெல்லாம் இணையம் இப்படி இல்லை. மொழியை எழுதுவது ஒரு பங்கு வேலை என்றால், அதைப் பொதியாகக் கட்டி ஆட்களிடம் சேர்ப்பது மூன்று பங்கு. ஒரு கணினியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இந்தச் சீடியைப் போட்டால் ஏறவேண்டும், வேறு எதையும் தேடிப் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வெள்ளவத்தை வீட்டு முன்னறையில் தொழிற்சாலை தொடங்கும். நான் சீடி எழுத, நீ உறையில் பெயர் ஒட்ட, அப்பா விலாசம் எழுத. கடற்கரை ரயில் போகிற அதிர்வில் சீடி கெட்டுப்போகும் என்று உனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நீ பல்கனியில் நின்று பாணந்துறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாய். ரயில் சத்தம் தூரத்தில் கேட்டதும் "அம்மா, நிப்பாட்டுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவாய். சீடி எழுதத் தொடங்கினால் இடையில் நிறுத்தமுடியாது என்று நான் உனக்குச் சொல்லவேயில்லை. நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். ரயில் போனதும் நீ கையைக் காட்டுவாய். நான் சும்மா ஒரு பொத்தானை அழுத்துவேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போதாவது உண்மையைச் சொல்கிறேன், நீ ஒரு சீடியைக்கூடக் காப்பாற்றவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் நான் கண்ட மிகப் பொறுப்பான வேலைக்காரன் நீதான்.

அனுப்புவதற்கு முன் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதல் சீடியை எடுத்துக்கொண்டு மருதானையில் நஸீரின் கணினி திருத்துகிற கடைக்குப் போவோம். திருத்தக் கொண்டுவந்து வைத்திருக்கிற பெட்டிகளில், சொந்தக்காரர்களிடம் கேட்டுவிட்டு, அவர் ஒவ்வொன்றாகத் தோணியை ஏற்றிப் பார்ப்பார். பழையது, உடைந்தது, பாதி சிங்களத்தில் இருப்பது, யாரோ பிள்ளை கண்டபடி மாற்றிவைத்தது. "ஒங்கட கம்பியூட்டர்ல ஓடுறது பெரிய விசயமில்ல மிஸ். எங்கட கடையில ஓடினா நாட்டுல எங்கயும் ஓடும்" என்பார். சரியாக ஓடாமல் நாங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் திரும்பிய நாட்கள் நிறைய. உனக்கு நினைவிருக்கும், அப்படியான நாட்களில் அவர் உனக்கு இரண்டு நெக்டோ சோடா வாங்கித் தருவார். பிறகு நஸீர் கடையைக் கொடுத்துவிட்டு மகளோடு இருக்க அக்கரைப்பற்றுக்குப் போனார். இணையமும் வந்தது. சீடியும் உறையும் முத்திரையும் போய், ஒரு கட்டளையில் பொதி கட்டி ஒரு சொடுக்கில் வெளியிடுகிற காலம் வந்தது. நான் என்ன செய்தேன்? வேறு ஆட்களின் கணினிகளில் ஏற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். என் மேசையில் ஓடினால் போதும் என்று இருந்துவிட்டேன். சோம்பல் என்று சொன்னால் எனக்கே கொஞ்சம் சலுகை கொடுப்பதாகும். அது சோம்பல் இல்லை, தலைக்கனம்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். தோணியை நான் ஒப்படைக்கப் போவது தர்ஷினியிடம் என்று உனக்குத் தெரியும். மட்டக்களப்புப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற பிள்ளை. போன கிழமை, ஒப்படைப்பதற்கு முன், தோணியைப் பற்றி ஆட்கள் அனுப்பி, வேண்டாம் என்று நான் மூடிவைத்த பழைய முறைப்பாடுகளை எல்லாம் அவள் உட்கார்ந்து வாசித்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை போன் எடுத்தாள். "அக்கா, எங்கட பிள்ளைகள் கணினியில தங்கட பேரத் தமிழில வச்சிருக்காங்க. தோணிய ஏத்தணும் எண்டா முதல்ல பேர இங்கிலீஷுக்கு மாத்துங்க எண்டு சொல்லித்தான் ஏத்துறன். தமிழ் எழுத்தோ இடைவெளியோ இருந்தா தோணிய ஏத்துற நிறுவி பாதியில நிண்டுடுது. அத ஒரு ஆள் பத்து வருஷத்துக்கு முந்தியே கண்டுபிடிச்சு, திருத்தியும் அனுப்பியிருக்கார். சரியான திருத்தம். நீங்க ஏன் மூடினீங்க?" என்று கேட்டாள்.

திறந்து பார்த்தேன். குணம் என்று ஒரு பெயர். எனக்கு யாரென்று தெரியாது. என் பதில் மூன்று வரி. "என்னால் இந்தப் பிழையை வரவழைக்க முடியவில்லை. என் கணினியில் சரியாக ஏறுகிறது. சோதிக்காமல் அனுப்பி மற்றவர் நேரத்தை வீணாக்காதீர்கள்." அவ்வளவுதான். மூடிவிட்டேன். என் கணினியில் என் பெயர் நாலு ஆங்கில எழுத்து. அதில் ஏறாமல் என்ன செய்யும்? தமிழில் பிழை சொல்கிற மொழியைச் செய்துவிட்டு, தமிழில் பெயர் வைத்த பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன், பத்து வருஷமாக. அதற்கே எனக்கு முகம் கறுத்துப்போயிற்று. பிறகுதான் திருத்தத்தோடு இணைத்திருந்த சோதனையைத் திறந்தேன். நிறுவி சரியாக வேலைசெய்கிறதா என்று பார்க்க அந்த ஆள் ஒரு கோப்புறை செய்து அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். தமிழ் எழுத்தும் இருக்கவேண்டும், நடுவில் இடைவெளியும் இருக்கவேண்டும் அல்லவா? "கப்பல் சோறு" என்று வைத்திருந்தார்.

துறைமுகத்தில் வேலை முடிந்து பிந்தி வருகிற அப்பா, சட்டிகளில் மிஞ்சிய எல்லாக் கறியையும் ஒரே கோப்பையில் போட்டுப் பிசைந்து சாப்பிடுவதற்கு அப்பாவே வைத்த பெயர் அது. எங்கள் வீட்டுக்கு வெளியே உலகத்தில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். அப்பா வந்து என்ன என்று கேட்டார், திரையைக் காட்டினேன். அவர் அசையவே இல்லை. "எனக்குத் தெரியும்" என்றார். "அவன் அண்டைக்கே என்னட்டச் சொன்னவன். உம்மட்டச் சொல்ல வேண்டாமெண்டு கேட்டவன்."

நான் அவரோடு சண்டைக்குப் போனேன். பத்து வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படி மறைத்தீர்கள் என்று கத்தினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "சொல்லியிருந்தா நீர் என்ன செய்திருப்பீர்? ஓடிப்போய்த் திறந்து, ஐயோ என்ர பிள்ளை எண்டு ஏற்றுக்கொண்டிருப்பீர். அவனுக்கு அது வேண்டாம். அதுக்காகத்தானே வேற பேரில அனுப்பினவன்." உன் அப்பாவுக்கு என்னைப் பற்றி இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அன்றைய தேதியைப் பார்த்தேன். ஒரு போயா, பௌர்ணமி விடுமுறை. நீ பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷம், வீட்டில்தான் இருந்திருக்கிறாய். நானும் வீட்டில்தான். நடுவில் ஒரு சுவர். நான் அந்த மூன்று வரியை எழுதி அனுப்பிய பிறகு நீ அறையை விட்டு வெளியே வந்திருப்பாய், என்னோடு ஏதாவது கதைத்திருப்பாய், ஒருவேளை தேத்தண்ணீர்கூடப் போட்டுத் தந்திருப்பாய். என்னதான் யோசித்தாலும் அந்த நாள் எனக்கு நினைவில் வரவில்லை. ரயிலுக்குப் பயந்து நீ ஓடிவந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைவிருக்கிறது, இந்த ஒரு நாள் மட்டும் இல்லை. எனக்கு அது சாதாரண நாள், மகன். அதுதான் தாங்கமுடியவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் நீ கணினிப் படிப்பை விட்டுவிட்டு நில அளவைக்கு மாறினாய். இரண்டையும் முடிச்சுப்போட என் கை துடிக்கிறது. ஆனால் என் மூன்று வரிதான் உன் வாழ்க்கையையே திருப்பிவிட்டது என்று நினைப்பதும் இன்னொரு தலைக்கனம்தான். போன வருஷம் நான் திருகோணமலைக்கு உன் வேலை நடக்கிற இடத்துக்கு வந்தபோது நீ அளவைக் கருவியின் முக்காலியை நட்டுவைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெயிலில் சிரித்தபடி நிற்பதைப் பார்த்தேன். வேலை பிடிக்காதவன் அப்படி நிற்கமாட்டான். அதனால் நான் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆனால் ஈஸ்டர் அன்று நான் சொன்னது பொய். அதை நிரோஷியிடம் நானே போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். "ஒரு வரி இல்லை பிள்ளை, அறுபத்திரண்டு வரி எழுதித் தந்தவன், நான்தான் பார்க்கவில்லை" என்றேன். அந்தப் பிள்ளை "அவர் எனக்கும் சொல்லேல்லையே ஆன்ட்டி" என்றாள். இனி உனக்கு அங்கேயும் விசாரணை இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன் பிள்ளைக்குப் புத்தி சொல்லவேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறதே, அதையும் முடித்துவிடுகிறேன். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதுவும் என் குற்றத்தில் இருந்து எடுத்தது. எங்கள் வீடு மேல்மாடி என்பதால் மழைக்கு ஒழுகும் என்று உனக்குத் தெரியும். எவ்வளவு காலம் ஒழுகியது என்று தெரியாது. "இஞ்ச பாரும், என்ர பக்கம் ஒழுகுது" என்று அப்பா மூன்று மாரிக்குச் சொன்னார். நான் ஒவ்வொரு தரமும் கட்டிலில் என் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ர பக்கம் காய்ஞ்சுதான் கிடக்கு" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, பார்த்துக்கொள். மூன்றாம் மாரியில் ஒருநாள் நான் தேவமாதா சபைக்குப் போய் வருவதற்குள் மனிதர் தலையணைகளை இடம் மாற்றி வைத்துவிட்டார். அன்றைக்கு மதியம் படுத்த பத்தாம் நிமிஷம் என் நெற்றியில் சொட்டியது. அடுத்த நாளே மேசன் வந்தார். நிரோஷி ஏதாவது சரியில்லை என்று சொன்னால், எனக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்லாதே. அவள் நிற்கிற இடத்துக்குப் போய் நின்று பார். இதைப் படித்துக்கொள்ள என்னைப்போல முப்பது வருஷம் எடுக்காதே.

இனி இதை ஏன் குழுவிலும் போடக் கேட்கிறேன் என்று சொல்கிறேன். அன்று நான் உன் திருத்தத்தை மூடியது எல்லோருக்கும் முன்னால். வாசித்தவர்கள் எத்தனையோ பேர், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, நான் அவ்வளவு பயங்கரமான ஆளாக இருந்திருக்கிறேன். மன்னிப்பை மட்டும் தனியாகக் கேட்பது நியாயமில்லை. ஆனால் நீ வேண்டாம் என்றால் இது நமக்குள் இருக்கட்டும்.

முந்தாநாள் நான் உன் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன். உன் பெயரைப் போட்டு, கல்யாணத்தன்று புதிய பதிப்பை வெளியிட்டு உன்னை அசத்தலாம் என்று ஒரு திட்டம். பிறகு அப்பா சொன்னது ஞாபகம் வந்து கையை எடுத்துவிட்டேன். நீ கேட்டது அம்மாவின் மன்னிப்பையோ அன்பளிப்பையோ இல்லை. யாரோ ஒரு ஆள் அனுப்பிய வேலையைப் பார்க்கிற மாதிரி உன் வேலையை நான் பார்க்கவேண்டும் என்பதுதான். ஆகவே கண் டாக்டரிடம் சொல்லிவிடாதே, நேற்று முழுப் பகலும் இருந்து அறுபத்திரண்டு வரியையும் வாசித்தேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு இந்த ஒழுங்கையில் ஏழு வீடுகளுக்கு ஏறி இறங்கினேன், ஏழு கணினிகளிலும் ஏற்றிப் பார்த்தேன். ஒரு குறை கண்டேன். தர்ஷினி பத்து நிமிஷத்தில் தானே சரிசெய்துவிடுவதாகச் சொன்னாள், விடவில்லை. எழுதியவர் இருக்கும்போது அவரிடம்தான் கேட்கவேண்டும், அது தோணியின் வழக்கம். குழுவில் நான் யாருக்கும் எழுதுகிற மாதிரியே, அன்று எழுதியிருக்கவேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் திருத்தம் கிடைத்தது. பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும், பிழை முழுக்க என்னுடையது. நீங்கள் சொன்ன பிரச்சினை உண்மையானது, காரணத்தையும் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஏழு கணினிகளில் சோதித்தேன், புதிதாக ஏற்றும்போது எல்லாவற்றிலும் ஏறுகிறது. ஆனால் பழைய பதிப்பு ஏற்கெனவே இருக்கிற இரண்டு கணினிகளில், அதை அகற்றாமல் அதற்கு மேலேயே புதியதை வைத்துவிடுகிறது. நாற்பத்தோராவது வரியைப் பாருங்கள். அதைச் சரிசெய்து மறுபடி அனுப்பினால் ஏற்றுக்கொள்வேன். அவசரமில்லை, உங்களுக்கு இப்போது வேறு வேலைகள் இருக்கும். அதுவரை புதிய பதிப்பை வெளியிடாமல் வைத்திருக்கிறோம். எழுதியவர் என்ற இடத்தில் எந்தப் பெயரைப் போடவேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.